பிளாஸ்மா வீட்டு நிச்சயதார்த்தம்

நெல்லைச் சீமையில் செங்கால்மடை என்று ஓர் ஊர். அந்த ஊரில் யோசிக்காமல் ஒரு காரியமும் செய்யாத அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் யோசித்ததால் வந்ததுதான்.

மூத்தவர் ஆறுமுகநயினார், நடுவில் குற்றாலிங்கம், கடைசி இசக்கியப்பன். அவர்களுடைய அப்பா விட்டுப்போனது ஒரு வாடகைப் பாத்திரக் கடை, ஓர் ஓட்டு வீடு, கூடவே ஒரு புத்திமதி. "எதுனாலும் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து யோசிச்சுச் செய்யுங்கலே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். மகன்களின் லட்சணம் தெரிந்த மனுஷன், இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிட்டுச் செத்திருக்கலாம். காரியம் முடிந்த கையோடு மூவரும் கடையிலிருந்து ஒரு பெஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். அதில் உட்கார்ந்தால்தான் அவர்களுக்கு யோசனை வரும், எழுந்தால் நின்றுவிடும்.

கடையை நடத்துவது, சமைப்பது, அண்ணன்மாரைத் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவருவது எல்லாம் தங்கை உலகம்மை. ஆனால் பெஞ்சில் அவளுக்கு இடமில்லை. அதனால் அவள் சொல்கிற எதுவும் யோசனையில் சேராது.

அண்ணன்மாருக்குப் பெண் கொடுக்க ஊரில் யாரும் முன்வரவில்லை. அது ஊரின் நல்ல புத்தி. ஆனால் உலகம்மைக்கு வந்த வரன்களும் தட்டிப்போயின. ஒரு வீட்டார் வந்து, "பொண்ணைக் கொஞ்சம் கண்ணுல காட்டுங்க" என்றார்கள். இசக்கியப்பன் அவளுடைய போட்டோவை எடுத்து வந்து மாப்பிள்ளையின் தாத்தா கண்ணில் வைத்து அழுத்தினான். இன்னொரு வீட்டார், "பேச்சு முடிவானாத்தான் கை நனைப்போம்" என்றார்கள். சாப்பிடுவதைத்தான் அப்படிச் சொன்னார்கள். பேச்சு முடிவானதும் ஆறுமுகநயினார் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கையையும் மணிக்கட்டுவரை நனைத்து அனுப்பிவிட்டார். பசியோடு போனவர்கள் மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு தென்காசியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கைலாசம், மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தான். கை நனைத்த கதையை யாரோ அவனிடம் சொல்ல, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்தப் பெண்ணையே பார்க்கவேண்டும் என்று வந்தவன். உலகம்மைக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. அவனுடைய அப்பா சிவசைலம் நல்ல மனுஷர்தான், ஆனால் கிரிக்கெட் பைத்தியம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தபிறகு ஆறுமுகநயினாருக்குப் போன் போட்டார்.

"வே, ஞாயித்துக்கிழமை நல்ல நாளுதான். ஆனா அன்னைக்குப் பைனல் மேட்சு. அதை விட்டுட்டு என்னால வர முடியாது. உங்க வீட்டு டி.வி.யில ஆளும் பந்தும் ஒண்ணாத் தெரியுதுன்னு கைலாசம் சொல்லுதான். நல்ல பிளாட் டி.வி. ஒண்ணு வாங்கி வையும். பிளாஸ்மாவோ எல்.சி.டி.யோ, உங்க கூடத்துக்கு எது தோதோ அதை வாங்கும். மேட்சைப் பாத்துக்கிட்டே தட்டை மாத்திருவோம்."

ஆறுமுகநயினாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை காலத்தில் அவரிடம் யோசனைக்கு விட்ட ஒரே சம்பந்தி இவர்தான். போனை வைத்துவிட்டுத் தம்பிகளைப் பெஞ்சுக்குக் கூப்பிட்டார்.

"பிளாட் டி.வி. கேக்காரு" என்றார்.

இசக்கியப்பன் முகம் வாடியது. "நம்மகிட்ட பிளாட் கிடையாதேண்ணே. இது ஓட்டு வீடுல்லா."

"தட்டையா இருக்கும்னு அர்த்தம்லே. அதுல ரெண்டு சாதி. ஒண்ணு பிளாஸ்மா, ஒண்ணு எல்.சி.டி."

"எல்.சி.டி. எனக்குத் தெரியும்" என்றான் இசக்கியப்பன். "சி.டி. போட்டுப் பாக்குறது. 'எல்'லுன்னா எல்லா சி.டி.யும் போடலாம்."

குற்றாலிங்கத்தின் முகம் வெளிறியிருந்தது. "பிளாஸ்மா வேண்டாம்ணே. மாமாவுக்கு டெங்கு வந்தப்ப டாக்டர் கேட்டாரே, ஞாபகம் இல்லையா? ரத்தத்துல இருக்குறது அது. அந்த டி.வி.க்கு ரத்தம் ஏத்தணும்."

ஆறுமுகநயினார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி கல்யாணத்துக்குக் கொஞ்சம் ரத்தம் குடுத்தா நாம என்ன செத்தா போயிருவோம்?" என்றார். மூவருக்கும் கண் கலங்கிவிட்டது.

உலகம்மை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நம்ம கூடத்துல காலையிலேருந்து வெயில் அடிக்குது. வெளிச்சத்துல எல்.சி.டி.தான் நல்லாத் தெரியும்னு பக்கத்து வீட்டு அமலோற்பவம் டீச்சர் சொன்னாவ. அதையே வாங்கிட்டு வந்திருங்கண்ணே."

"யோசிச்சுக்கிட்டு இருக்கோம்லா? நடுவுல பேசாத" என்றார் ஆறுமுகநயினார்.

மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த குரூப் பார்த்துக்கொண்டு, முழங்கையில் பஞ்சோடு, லோடு ஆட்டோவில் பெஞ்சை ஏற்றிக்கொண்டு டவுனிலிருந்த பெரிய டி.வி. கடைக்குப் போனார்கள். பெஞ்சைக் கடைக்குள் தூக்கிப்போய் நட்ட நடுவில் போட்டு உட்கார்ந்தார்கள். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஓடிவந்தார்.

"சார், உக்கார சோபா இருக்கு சார்."

"சோபாவுல சாய்ஞ்சுல்லா இருக்கணும். எங்க அப்பா சாயச் சொல்லல" என்றார் ஆறுமுகநயினார்.

விற்பனையாளர் பொறுமைசாலி. இரண்டு டி.வி.யையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டார். குற்றாலிங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்த பிளாஸ்மா என்ன குரூப்பு தம்பி?"

"குரூப்பா? நாப்பத்திரெண்டு இஞ்சு சார்."

"ரத்தம் எப்பல்லாம் ஏத்தணும்?"

"ரத்தமெல்லாம் வேண்டாம் சார். கரண்டுதான். எல்.சி.டி.யை விடக் கொஞ்சம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான்."

"குடிக்கும்னு அவரே ஒத்துக்கிட்டாரு" என்று குற்றாலிங்கம் அண்ணன் காதில் சொன்னார்.

விற்பனையாளர் எல்லாவற்றையும் விளக்கினார். பிளாஸ்மாவில் கறுப்பு அச்சுக் கறுப்பாகத் தெரியும். ஆனால் அறை இருட்டாக இருக்கவேண்டும், எவ்வளவு இருட்டோ அவ்வளவு நல்லது. எல்.சி.டி. வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும், ஆனால் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் மங்கும். பிளாஸ்மாவில் இன்னொரு விஷயம், ஒரே படம் ரொம்ப நேரம் அப்படியே நின்றால் திரையில் பதிந்துவிடும், அப்புறம் போகாது. "உங்க கூடம் எப்படி சார், வெளிச்சமா இருட்டா?"

"வெளிச்சம் கொட்டும்" என்றார் ஆறுமுகநயினார் பெருமையாக.

"அப்போ யோசிக்கவே வேண்டாம் சார். எல்.சி.டி.தான்."

அந்த மனுஷர் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். யோசிக்க வேண்டாமாமே! மூவரும் பெஞ்சில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"எல்.சி.டி.யில ஓரமா இருந்தா மங்குமாம்" என்றார் குற்றாலிங்கம். "சம்பந்தக்காரங்க வீட்டுல ஒருத்தர் ஓரமா உக்காந்துட்டா? நமக்கு நிறங்கெட்ட டி.வி.யைக் காட்டுதானேன்னு நினைப்பாவ."

"பிளாஸ்மாவுக்கு இருட்டு வேணுமேண்ணே" என்றான் இசக்கியப்பன்.

ஆறுமுகநயினார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூளைக்குள் ஏதோ நகர்ந்தது. அவருக்கே அது கேட்டது. "டி.வி. கம்பெனிக்காரன் செஞ்சது. அதை நாம மாத்த முடியாது. வீடு நம்ம வீடு. அதை என்ன வேணா செய்யலாம்."

தம்பிகள் இருவரும் அவரை வணக்கத்தோடு பார்த்தார்கள். பிளாஸ்மா வாங்கியாயிற்று.

கூடத்துச் சுவரில் டி.வி. ஏறிய நாளே வீட்டை மாற்றும் வேலையும் தொடங்கியது. சன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். முற்றத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்கள். ஓட்டுக் கூரையில் பதித்திருந்த கண்ணாடியைச் சாக்கு போட்டு மூடினார்கள். இத்தனைக்குப் பிறகும் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. ஆறுமுகநயினார் கடைத்தெருவுக்குப் போய் கறுப்புப் பெயின்ட் வாங்கி வந்தார்.

உலகம்மை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "நிச்சயதார்த்தம் நடக்குற வீட்டுக்கு யாராவது கறுப்பு அடிப்பாங்களாண்ணே?"

"ராத்திரி முகூர்த்தம் வைக்காவளே, அப்ப வானம் என்ன நிறத்துல இருக்கு?"

"அண்ணே, எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு." அவள் குரல் உடைந்தது. "இதுவும் போச்சுன்னா நான் காலம் பூரா இங்கேயேதான் கிடக்கணும். உங்க காலுல விழுறேன், இந்த ஒரு தடவை யோசிக்காம இருங்களேன்."

ஆறுமுகநயினாருக்கு அவள் அழுவதைப் பார்க்கத் தாங்கவில்லை. பாசக்காரர்தான். அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "நீ அழாத தாயி. உனக்காகத்தானே செய்யுதோம்" என்று சொல்லிவிட்டு, ஒரு கோட்டுக்கு இரண்டு கோட்டாகப் பூசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறுமுகநயினார் தம்பிகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். இசக்கியப்பனுக்கு டி.வி. பொறுப்பு. "ஒரே படம் நிக்கக் கூடாது. நின்னா பதிஞ்சிரும். கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துக்க." குற்றாலிங்கத்துக்கு மரியாதைப் பொறுப்பு. "தட்டு மாத்தும்போது முழிக்கக் கூடாது. உன் கைக்கு யாரு தட்டை நீட்டினாலும் ரெண்டு கையாலயும் வாங்கிச் சம்மதம்னு சொல்லிரணும்."

டாஸ் போடுவதற்கு முன்பே சிவசைலத்தின் குடும்பம் வந்து இறங்கியது. வெயிலிலிருந்து கூடத்துக்குள் கால் வைத்ததும் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிவசைலத்தின் மனைவி சுவரைத் தடவிக்கொண்டே, "யாரு வீட்டுலயாவது துட்டியா? யாரும் தவறிட்டாவளா?" என்று மெதுவாகக் கேட்டாள். உலகம்மை அவசரமாகக் குத்துவிளக்கை ஏற்றினாள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் மாப்பிள்ளை கைலாசம் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்குள் ஆறுமுகநயினார் ஓடிவந்து விளக்கை ஊதி அணைத்துவிட்டார்.

"வெளிச்சம் பட்டா கறுப்பு கெட்டுப்போகும்" என்று சம்பந்தியம்மாளுக்கு விளக்கம் சொன்னார். அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிவசைலம் மட்டும் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் கண் திரையில் இருந்தது. நிஜமாகவே படம் பளிச்சென்று இருந்தது. "ஆகா! புல்லு கூடத் தனித்தனியாத் தெரியுதே வே!" என்று ஆறுமுகநயினாரின் தொடையில் தட்டினார். அந்தத் தட்டலில் ஆறுமுகநயினாருக்குப் பிறவிப்பயன் கிடைத்துவிட்டது.

பந்து போடுகிறவன் நடந்து போனான். திரும்பி நின்று பந்தைத் தேய்த்தான். படம் நிற்கிறதே என்று இசக்கியப்பன் பதறிப்போய்ச் சேனலை மாற்றினான். ஒரு பெண் அல்வா கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! ஏய்! மாத்து!" என்று அலறினார் சிவசைலம்.

மாற்றினான். அதற்குள் மைதானத்தில் எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவுட். யார் என்று தெரியவில்லை. மறுபடி ஒருவன் நின்றான், மறுபடி அல்வா. இப்படியே போனது. அல்வா பதம் வந்துவிட்டது, மேட்ச் என்ன ஆயிற்று என்றுதான் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இசக்கியப்பன் இன்னொரு ஆபத்தைக் கண்டுபிடித்தான். ஆட்கள் ஓடுகிறார்கள், பந்து ஓடுகிறது, ஆனால் ஓட்டம் எழுதியிருக்கிற கட்டம் மட்டும் திரையின் மூலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது! அவன் எழுந்துபோய் ஒரு காலண்டர் அட்டையைக் கிழித்துவந்து அந்த மூலையில் பசை போட்டு ஒட்டினான்.

"ஸ்கோர் என்ன வே ஆச்சு?" என்றார் சிவசைலம்.

"ஒண்ணும் ஆகல மாமா. பத்திரமா இருக்கு, அட்டைக்குப் பின்னால" என்றான் இசக்கியப்பன்.

சிவசைலம் பல்லைக் கடித்தது இருட்டில் நன்றாகக் கேட்டது. அந்த நேரத்தில் கரண்டு போயிற்று.

திரை அணைந்தது. கூடம் முழுக்க மை. கறுப்புச் சுவர், பலகை அடித்த சன்னல், தார்ப்பாய், சாக்கு, எல்லாம் சேர்ந்து தங்கள் வேலையைச் செய்தன. தன் கையே தனக்குத் தெரியாத அந்த இருட்டில் ஆறுமுகநயினார் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களாலே! கறுப்பு எப்படித் தெரியுது! அச்சுக் கறுப்புன்னான், சும்மா சொல்லல அந்தத் தம்பி!"

"ஓரமா இருந்து பாத்தாலும் மங்கலண்ணே" என்றார் ஓரத்திலிருந்து குற்றாலிங்கம்.

"இப்ப பதிஞ்சாலும் பரவாயில்லை, எல்லாம் ஒரே நிறம்தானே" என்று இசக்கியப்பன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

மூவரும் ரசித்துப் பார்த்தார்கள். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து "சிக்ஸு!" என்று ஒரு சத்தம் வந்தது. அது அமலோற்பவம் டீச்சர் வீடு. அங்கே பின்னால் முதுகு தள்ளிய பழைய பெட்டி டி.வி.தான், ஆனால் இன்வெர்ட்டர் இருந்தது. சிவசைலம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்தார். சுவரைத் தடவி, கதவைத் தடவி, வெளியே போனார். மனைவி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு போனாள். சொந்தக்காரர்கள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கைலாசம் கடைசியாக நின்று, இருட்டில் துழாவி, உலகம்மையின் கையைப் பிடித்தான். "வா, போவோம்" என்றான்.

ஆறுமுகநயினாருக்கு இது எதுவும் தெரியாது. சம்பந்திமார் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்து அவருக்கு மனசு நிறைந்திருந்தது. கொடுத்த காசுக்கு இதுவல்லவா டி.வி. என்று நினைத்துக்கொண்டார். பிறகு முகூர்த்த நேரம் தப்பிவிடக் கூடாதே என்று வெற்றிலை பாக்கு தேங்காய் பழம் வைத்த தட்டைத் தடவி எடுத்து, எழுந்து நின்று, இருட்டுக்குள் நீட்டினார்.

"சம்பந்தி! இனி எங்க வீட்டுப் பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு."

யார் கையோ தட்டை வாங்கியது. இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கியது. "சம்மதம். எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்றது.

ஆறுமுகநயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தலையிலிருந்த பெரிய பாரம் இறங்கிவிட்டது.

மேட்ச் முடிந்து வெகுநேரம் கழித்து, கரண்டு வரும் முன்பே வாசல் கதவு திறந்தது. வெளிச்சத்தில் உலகம்மை நின்றாள். தலை நிறையப் பிச்சிப்பூ, முகம் நிறையச் சிரிப்பு. பின்னால் டீச்சர். "அண்ணே, டீச்சர் வீட்டுல வச்சுத் தட்டு மாத்தியாச்சு. நம்ம பக்கத்துக்கு டீச்சரே நின்னாவ. தையில கல்யாணம். மேட்சும் நம்மதான் ஜெயிச்சிருக்கோம். மாமா சந்தோஷமாக் கிளம்பிட்டாவ."

அவளை இத்தனை சந்தோஷமாக அந்த வீடு பார்த்ததே இல்லை. ஆனால் ஆறுமுகநயினார் முகம் சுருங்கியது.

"அதெப்படி? நான் இங்க ஏற்கெனவே சம்பந்திகிட்டத் தட்டை மாத்தியாச்சே."

"எந்தச் சம்பந்தி?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குற்றாலிங்கம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாழைப்பழத்தைத் தின்று முடித்திருந்தார்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன்மார் சிரிக்கவில்லை.

"தட்டு வாங்கினவன்தானே சம்பந்தி?" என்றான் இசக்கியப்பன்.

"அதுதானே வழக்கம்" என்றார் ஆறுமுகநயினார் கவலையோடு.

குற்றாலிங்கம் மெதுவாக எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "அப்ப, எங்களுக்கு ஒரு தட்டு, டீச்சர் வீட்டுல இன்னொருத்தருக்கு ஒரு தட்டா? ஒரு பொண்ணை வச்சு ரெண்டு இடத்துல கை நீட்டுதீரா? நல்ல குடும்பம்னு நினைச்சு வந்தேன் பாரும், என்னையச் சொல்லணும்! இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்." தட்டை டொக்கென்று தரையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக விறுவிறுவென்று வெளியேறினார்.

"ஐயோ, சம்பந்தி கோவிச்சுக்கிட்டுப் போறாரே!" என்று ஆறுமுகநயினார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "சாப்பிடக்கூட இல்லையே மனுஷன்! ஊரு என்ன சொல்லும்?"

தெருமுனை வரை போன குற்றாலிங்கத்துக்குப் பசி வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, புறவாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, சொம்புத் தண்ணீரில் கைகழுவினார்.

அவரைப் பார்த்ததும் ஆறுமுகநயினாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏல குற்றாலம்! நல்ல நேரத்துல வந்த. சம்பந்தி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. ஓடு, கையைக் காலைப் புடிச்சாவது கூட்டிட்டு வா!"

"எந்தப் பக்கமாப் போனாருண்ணே?"

"முன்வாசல் பக்கமாத்தான். ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டாரு."

குற்றாலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து ஓடினார். பஸ் ஸ்டாண்டில் தேடினார், டீக்கடையில் விசாரித்தார், ஆற்றங்கரை வரை போய்ச் "சம்பந்தி! சம்பந்தி!" என்று கூவிப் பார்த்தார். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணனிடம் சொன்னார்:

"ஆளு அகப்படலண்ணே. கோவத்துல போனவரு, இந்நேரம் வீடு போய்ச் சேந்திருப்பாரு."